அணில் மேல் உண்ணியா? முதலில் அதன் வாயைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் பெறும் கடிதங்கள் எல்லாமே வீட்டுத் தோட்டத்து அணிலையும் அதன் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியையும் பற்றியவை.

மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த கூட்டிலிருந்து அணில் குட்டி ஒன்று கீழே விழுந்துவிட்டது. காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் சாம்பல் நிறத்தில் மணிமணியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்ணிதானா? மண்ணெண்ணெய் தொட்டு வைத்தால் தானாக விழுந்துவிடும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?
– வாசகி, மதுரை

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். குட்டியின் தோல் வெந்துவிடும். நக்கினால் உள்ளேயும் போகும். அதோடு, எரிச்சல்பட்ட உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கவும் கூடும். நோய்க்கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே இறங்கும். வேப்பெண்ணெய், உப்பு, ஊதுபத்தி நெருப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

எடுக்கும் முன் அது உண்ணிதானா என்று பார்த்துவிடுங்கள். அவசரத்தில் பலர் பிய்ப்பது குட்டியின் பால்காம்பை. காம்பு என்றால் வயிற்றின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக, ஒரே வரிசையில் இருக்கும்; சுற்றிலும் முடி விலகியிருக்கும்; அடியில் கால் இருக்காது. உண்ணி என்றால் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது தோலை ஒட்டிய பக்கத்தில் கால்கள் தெரியும். முடியோடு முடியாக ஒட்டி, இழுத்தாலும் நகராத வெள்ளைப் புள்ளி பேனின் முட்டையான ஈர். முடிக்குள் ஓடுவது பேன். பக்கவாட்டில் தட்டையாக இருந்து, தொட்டதும் தாவினால் தெள்ளுப்பூச்சி. கருப்பு மிளகுத்தூள் போலச் சிதறிக் கிடப்பதை ஈரப் பஞ்சில் தேய்த்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். இவற்றில் நேரம் கடத்தக் கூடாத ஒன்று உண்டு: காயத்தின் ஓரத்தில் ரவை போலக் கொத்தாக இருக்கும் வெள்ளை முட்டைகள். அவை ஈ முட்டைகள். ஒரே நாளில் புழுவாகிவிடும். அப்படி இருந்தால் உண்ணியை மறந்துவிட்டுக் குட்டியோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் சொல்லும் இடமும் நிறமும் உண்ணிக்குப் பொருந்துகின்றன. அணில் தன் உடம்பை ஓயாமல் கோதிக்கொள்ளும் பிராணி. பல்லும் நகமும் எளிதில் எட்டாத காது மடல், கழுத்து, தாடை இடுக்கில்தான் உண்ணி தங்கும்.

குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்றுங்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். குட்டியின் உடம்பு உங்கள் உள்ளங்கையைவிடச் சில்லென்று இல்லாத நிலை வந்த பிறகு உண்ணியில் கை வைக்கலாம். கையுறை போட்டு, பருத்தித் துணியில் குட்டியைச் சுற்றி, தலையை மட்டும் வெளியே விடுங்கள். கூர்முனைச் சாமணத்தால், உப்பிய உடம்பைத் தொடாமல், தோலுக்கு மிக அருகில் உண்ணியின் வாயைப் பிடித்து, நேர் மேலாக, ஒரே சீராக இழுங்கள். முறுக்க வேண்டாம், வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். பல உண்ணிகள் தோலுக்குள் வாயைச் செலுத்திவிட்டு, சிமென்ட் போல இறுகும் பசையைச் சுற்றிலும் சுரந்து வைத்திருக்கும். அதனால்தான் விடாப்பிடியாக இருக்கிறது. சில விநாடி சீராக இழுத்தால் விட்டுவிடும். வாய்த்துண்டு உள்ளே தங்கினால் தோண்டாதீர்கள். தோல் தானே வெளியே தள்ளிவிடும். கண் இமையிலும் காதுத் துளைக்குள்ளும் இருப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எத்தனை உண்ணி என்பது முக்கியம். பாலூட்டிகளின் ரத்தம் ஏறக்குறைய உடல் எடையில் 7 சதவீதம். 40 கிராம் குட்டி என்றால் உடம்பில் மொத்த ரத்தமே 3 மில்லிகூடத் தேறாது. இருபது முப்பது உண்ணி ஒட்டியிருந்து, ஈறும் நாக்கும் வெளுத்திருந்தால் ரத்தசோகைதான். உண்ணியை எடுத்ததோடு வேலை முடியாது.

நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடர், ஸ்பிரே, கழுத்தில் விடும் சொட்டு மருந்து எதையும் அணிலுக்குப் போடாதீர்கள். பத்து கிலோ நாய்க்குக் கணக்கிட்ட அளவில் ஒரு சொட்டின் மிச்சம்கூட இந்தக் குட்டிக்கு நஞ்சு.

எடுத்த உண்ணிகளை எறிந்துவிடவும் வேண்டாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

எங்கள் மாடித் தோட்டத்துக்கு வரும் அணில் ஒன்று செத்துக் கிடந்தது. அதன் மேலிருந்த உண்ணியை மொபைலில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பழுப்பு நிறம், கடுகு அளவு. என்ன வகை என்று சொல்ல முடியுமா?
– வாசகர், சேலம்

படத்தில் உண்ணியின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இதை வைத்து யார் பெயர் சொன்னாலும் நம்பாதீர்கள். நிறமும் அளவும் உண்ணியை அடையாளம் காண உதவாது. பசியோடிருக்கும்போது பழுப்பாக, தட்டையாக இருக்கும் அதே உண்ணி, ரத்தம் குடித்த ஐந்தாம் நாள் சாம்பலாகவோ பச்சை கலந்த ஈய நிறமாகவோ ஊதியிருக்கும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி அசல் ஆமணக்குக் கொட்டைதான். ஆமணக்குக்குத் தாவரவியலில் உள்ள ‘ரிசினஸ்’ என்ற பெயரே லத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல்.

மாறாமல் இருப்பவை வாயும், முதுகின் முன்பக்கத்தில் உள்ள கெட்டித் தகடும். உடம்பு எவ்வளவு ஊதினாலும் இவை இரண்டும் ஊதாது. அவற்றைப் பார்க்கும் முறை இது.

உண்ணியை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய ஓவியத் தூரிகையால் அழுக்கைத் தள்ளுங்கள். வாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் தோல் துணுக்கும் பசையும் போகாவிட்டால் வடிவம் தெரியாது; படம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். பாட்டில் மூடி ஒன்றில் கை கழுவும் சானிட்டைசர் ஜெல்லை நிரப்பி, உண்ணியை அதில் அமிழ்த்தி, ஊசியால் திருப்பிவிட்டால் நீங்கள் வைத்த நிலையில் அப்படியே நிற்கும். அடியில் வெள்ளைத் தாள். டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். மேலிருந்து அடித்தால் முதுகு பளபளத்து விவரம் எல்லாம் மறைந்துவிடும். மொபைலில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். கண்ணால் பார்க்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லூப் சரியாக இருக்கும். மூன்று படம் வேண்டும்: முதுகு முழுவதும், அடிப்பக்கம் முழுவதும், வாய் மட்டும் நெருக்கத்தில். ஒரு படத்திலாவது மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல் பக்கத்தில் இருக்கட்டும். கடுகிலும் சிறிசு பெரிசு உண்டு.

பிறகு எண்ணுங்கள். கால் ஆறு என்றால் முட்டையிலிருந்து வந்த லார்வா. குடிக்கும் முன் உப்புக்கல் அளவு. எட்டுக் கால் இருந்து, கசகசா அளவில் இருந்தால் பெரும்பாலும் நிம்ஃப், அதாவது இடைப்பருவம். எட்டுக் கால் வளர்ந்த உண்ணிக்கும் உண்டு என்பதால் இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அடிப்பக்கத்தில், முன்கால்களுக்கு இடையே குறுக்காக ஒரு இனப்பெருக்கத் துளை தெரிந்தால்தான் வளர்ந்தது. முதுகுத் தகடு முதுகு முழுவதையும் மூடினால் ஆண். முன்பகுதியை மட்டும் மூடினால் பெண். லார்வாவுக்கும் நிம்ஃபுக்கும் தகடு முன்பகுதியில் மட்டும்தான்.

அணில் மேல் கிடைப்பவற்றில் பெரும்பகுதி லார்வாவும் நிம்ஃபும். பல உண்ணிகள் வாழ்நாளில் மூன்று தடவை மட்டும் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து, தோலுரித்து, அடுத்த பிராணியைத் தேடும். சின்னப் பருவத்தில் எலி, அணில், தரையில் மேயும் பறவை. வளர்ந்த பிறகு ஆடு, மாடு, மான், நாய். இந்தச் சின்னப் பருவங்களில்தான் இனம் பிரிப்பது கடினம். கைக் கண்ணாடியில் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம் வரை போகலாம். அதற்கு மேல் நுண்ணோக்கி வேண்டும்.

பேரினத்துக்கு வாயைப் பாருங்கள். வாய் குட்டையாக இருந்து, அது பொருந்தியிருக்கும் அடித்தளத்தின் இரு பக்கமும் கூராகத் துருத்தி அறுகோணமாகத் தெரிந்தால் ரிப்பிசெஃபாலஸ். நாய் உண்ணி இந்தக் கூட்டம். தகட்டின் ஓரத்தில் சின்னக் கண்ணும் இருக்கும். வாய் குட்டை, அடித்தளம் நீள்சதுரம், வாயின் இரு பக்கத் தண்டுகளும் வெளிப்பக்கமாக விரிந்து இரண்டும் சேர்ந்து அகன்ற முக்கோணம் போல நின்றால் ஹீமாபைசாலிஸ். இதற்குக் கண் கிடையாது. குஞ்சுப் பருவத்தில் இந்த விரிவு அவ்வளவு துலக்கமாக இருக்காது என்பதால் கண் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்தே பாருங்கள். வாய் நீளமாக, கண் உருண்டையாகத் துருத்தி, காலில் வெளிர்ப் பட்டைகள் இருந்தால் ஹயலோம்மா. மேலிருந்து பார்த்தால் வாயே தெரியவில்லை, தோல் சுருங்கிய தோல்பை போல இருக்கிறது என்றால் அது வேறு குடும்பம். கோழிக் கூண்டு இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்து இரவில் மட்டும் குடிக்கும் கோழி உண்ணி அந்த வகை.

பாதுகாக்க: ஹோமியோபதி மருந்து தரும் சிறு கண்ணாடிக் குப்பியில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி அதில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம்; பின்னால் டி.என்.ஏ. பரிசோதனை தேவைப்பட்டால் வழி அடைத்துவிடும். ஒரு துண்டுக் கெட்டித் தாளில் தேதி, ஊர், எந்தப் பிராணி, உடம்பில் எந்த இடம் ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய லேபிள் என்றைக்காவது உரிந்துவிடும். எந்தப் பிராணியில் எடுத்தது என்று தெரியாத உண்ணியால் பாதிப் பயன்தான். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒட்டுண்ணியியல் துறை இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் நாமக்கல்.

தென்னந்தோப்பில் வீடு. இரண்டு மாடு, ஒரு நாய். நாய்க்கு எத்தனை முறை மருந்து வைத்தாலும் உண்ணி திரும்ப வருகிறது. தோப்பு முழுக்க அணில்; அதுதான் கொண்டுவருகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். வீட்டையொட்டிய மரங்களை வெட்டிவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

வெட்டாதீர்கள். மரத்தை வெட்டினால் ஒரு உண்ணிகூடக் குறையாது.

நாய் மேல் இருப்பதை ஒன்று எடுத்து, மேலே சொன்ன முறையில் வாயைப் பாருங்கள். அறுகோண அடித்தளம், முதுகில் எந்த வேலைப்பாடும் இல்லாத செம்பழுப்பு நிறம், பின் விளிம்பில் தையல் மடிப்பு போல 11 கட்டங்கள் இருந்தால் அது ரிப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ், பழுப்பு நாய் உண்ணி. இது லார்வா, நிம்ஃப், வளர்ந்தது என மூன்று பருவத்திலும் நாயையே விரும்பிக் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து சுவர் ஏறி, கதவு நிலை, கூரை இடுக்கு, நாய்ப்படுக்கையின் மடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அதாவது உங்கள் வீட்டுக்குள்ளேயே, அணில் இல்லாமலே, முழுச் சுற்றும் நடந்து முடிகிறது.

மருந்து வைத்தும் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்: மருந்து நாய் மேல் இருப்பதைக் கொல்கிறது; சுவரில் இருப்பதை விட்டுவிடுகிறது. முட்டை பொரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், தோலுரிக்க மேலும் சில வாரம். ஒரே ஒரு முறை வைத்தால் அந்தக் கூட்டம் அப்படியே காத்திருக்கும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். நாய்க்கு மருத்துவர் சொன்ன இடைவெளியில் விடாமல் குறைந்தது மூன்று நான்கு மாதம் மருந்து போக வேண்டும். அதே காலத்தில் சுவர் விரிசலைச் சிமென்ட்டால் அடைத்து, படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு எடுங்கள். நாய்க்குத் தரும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு உயிர்க்கொல்லி. வீட்டில் பூனை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாட்டின் மேல் இருப்பது வேறாக இருக்கும். தாடை, மடி, வால் அடியில் கொத்தாக இருக்கும் ஈய நிற உண்ணி பெரும்பாலும் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ். அடித்தளம் இதற்கும் அறுகோணம்தான்; வாய் இன்னும் குட்டை; பின் விளிம்பில் கட்டங்கள் இருக்காது. இது ஒரே மாட்டிலேயே லார்வாவாக ஏறி, சுமார் மூன்று வாரம் கழித்துக் குடித்து நிரம்பிய பெண்ணாகத்தான் இறங்கும். நடுவில் அணிலுக்கோ நாய்க்கோ போக வேண்டிய தேவையே இதற்கு இல்லை. மருந்து அடிக்கும்போது முதுகோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. காதுக்குள், வால் அடியில், மடிக்கும் தொடைக்கும் இடையில், குளம்புப் பிளவில் படாவிட்டால் அடித்தும் பயனில்லை. முதல் மருந்துக்குத் தப்பியதும் புதிதாக ஏறியதும் முட்டையிட இறங்கும் முன் அகப்பட வேண்டும். அதனால்தான் மூன்று வாரத்துக்குள் மறுமுறை அடிக்கச் சொல்கிறார்கள்.

அணிலுக்கு இதில் பங்கே கிடையாதா என்றால், உண்டு. ஆடு மேயும் புல்லில் இருக்கும் ஹீமாபைசாலிஸ் வகை உண்ணிகளின் குஞ்சுகளுக்கு எலி, அணில் போன்ற சின்னப் பிராணிகள் இரை. நாய் மேல் அந்த முக்கோண வாய் உண்ணி கிடைத்தால், நாய் எந்தப் புதரில் புரண்டுவிட்டு வருகிறது என்று தேடுங்கள்.

மரத்தடியில் உட்கார்ந்தால் அணிலிடமிருந்து உண்ணி தலையில் விழுமா? அது தாவுமா?
– வாசகி, கும்பகோணம்

தாவாது, பறக்காது. புல் நுனியிலோ புதர் இலையிலோ முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் முன்னங்காலில் உள்ள ஒரு உறுப்பால் உணர்ந்து, உரசிப்போகும் பிராணியில் தொற்றிக்கொள்ளும். தலையில் கண்டுபிடிக்கும் உண்ணி பெரும்பாலும் காலில் ஏறி மேலே வந்தது. குடித்து முடித்த உண்ணி அணிலிலிருந்து உதிர்வது உண்டு. ஆனால் அது அப்போது பசியில்லாமல், தோலுரிக்க இடம் தேடும்.

எங்கள் தெருவில் இருவருக்கு ‘உண்ணிக் காய்ச்சல்’. தோட்டத்தில் அணில் அதிகம். வீட்டில் யார் மேலும் உண்ணியைப் பார்த்ததில்லை. எப்படி வந்திருக்கும்?
– வாசகர், வேலூர்

இங்கே பெயர்தான் குழப்புகிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படுவது ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது நாம் இதுவரை பேசிய உண்ணியே இல்லை. டிராம்பிகுலிட் என்ற சிலந்திப்பேன் இனத்தின் லார்வா. சிகர் என்பார்கள். அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர், ஆரஞ்சு கலந்த சிவப்பு. கூட்டமாக எலி, மூஞ்சூறின் காதுக்குள் இருந்தால் குங்குமத்தைத் தெளித்தது போலத் தெரியும். தனியாக மனித உடம்பில் இருந்தால் தெரியாது. கடித்துவிட்டுச் சில நாளில் உதிர்ந்தும்விடும். அதனால் பூச்சியைப் பார்த்ததே இல்லை என்று நோயாளிகள் சொல்வது இயல்பு.

பூச்சிக்குப் பதிலாக அது விட்டுச்செல்லும் தழும்பைத் தேடுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போல, வலியும் அரிப்பும் இல்லாத ஒரு கருப்புப் பொருக்கு. காய்ச்சலோடு அதைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களே அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். உடையை விலக்கிப் பார்க்காமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் அதிகம். அணிலைவிட எலிதான் இதில் கவலைக்குரியது: வீட்டையொட்டிய புதரை வெட்டி, விறகுக் குவியலையும் சிந்தும் தானியத்தையும் அகற்றுங்கள்.

உண்மையான உண்ணியால் வரும் டைபஸும் இந்தியாவில் உண்டு. ரிக்கெட்சியா கொனோரி என்ற கிருமியை நாய் உண்ணி பரப்புகிறது. அதில் உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்பு வருவது ஒரு முக்கிய அடையாளம்.

தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். காட்டு அணில் வீட்டுக்கூரை வரை வருகிறது. குரங்குக் காய்ச்சல் உண்ணி இதில் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கூடலூர்

உங்கள் பகுதியில் இந்தக் கேள்வி நியாயமானது. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் இது. 2012–13 காலத்தில் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் தென்பட்டது. முக்கியமாகப் பரப்புவது ஹீமாபைசாலிஸ் ஸ்பினிகெரா. அதன் குஞ்சுகள் குரங்கு, எலி, மூஞ்சூறு, காட்டு அணில் ஆகியவற்றிலும், வளர்ந்தவை மாடு, காட்டெருமை போன்றவற்றிலும் குடிக்கின்றன. மனிதரைக் கடித்து நோய் தருவது பெரும்பாலும் நிம்ஃப். அது மிகுதியாகத் திரிவது டிசம்பர் முதல் மே வரையான காய்ந்த மாதங்களில்.

கசகசா அளவு நிம்ஃபைக் கைக் கண்ணாடியில் பார்த்து ‘ஸ்பினிகெரா’ என்று உங்களால் சொல்ல முடியாது. முக்கோண வாய், கண் இல்லை, எட்டுக் கால் என்று உறுதியானால் ‘ஹீமாபைசாலிஸ் நிம்ஃப்’ என்று தாளில் எழுதிக் குப்பியில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். அணிலைத் துரத்துவதைவிட முக்கியமான வேலைகள் வேறு இருக்கின்றன. இறந்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். குரங்கு செத்ததும் அதன் உண்ணிகள் அதைச் சுற்றியுள்ள சருகில் இறங்கிக் காத்திருக்கும். காட்டுச் சருகை மாட்டுக்குப் படுக்கையாக வாரி வராதீர்கள். விறகுக்குப் போகும்போது கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, டீட் என்ற மருந்து கலந்த பூச்சிவிரட்டியைப் பூசிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். கடித்த 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்புவலி வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை; வீட்டில் நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். இங்கே சாம்பல் அணில் பூனைக்குட்டி அளவு இருக்கிறது. ஒன்றின் தோளில் பெரிய புடைப்பு. வேறொரு நாள் பின்கட்டு மரத் தளத்தில் கசகசா போல ஒரு உண்ணி. லைம் நோய் வருமா?
– வாசகர், எடிசன்

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கோடை முடிவில் தோளிலோ கழுத்திலோ பெரிய புடைப்பு, நடுவில் ஒரு சின்ன ஈரத் துளை என்றால் அது க்யூட்டரெப்ரா என்ற ஈயின் புழு. அந்தத் துளை வழியாக மூச்சுவிடும். வளர்ந்ததும் தானே வெளியேறிவிடும். பிடித்துப் பிதுக்க முயல வேண்டாம். நம் ஊர் அணில்களில் இது கிடையாது.

உண்ணிக்கு வருவோம். அங்கே அணில் மேல் கிடைப்பவற்றில் இக்சோடெஸ் பேரினத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். மலத்துளையை முன்பக்கமாக வளைத்து, குதிரை லாடம் போல ஒரு பள்ளம் ஓடினால் இக்சோடெஸ். மற்றப் பேரினங்களில் அந்தப் பள்ளம் துளைக்குப் பின்னால் இருக்கும், அல்லது தெளிவாகத் தெரியாது. இக்சோடெஸுக்குப் பின் விளிம்புக் கட்டங்களும் கண்ணும் கிடையாது. அதற்குள்ளும் இரண்டு சந்தேகம் உண்டு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியான இக்சோடெஸ் ஸ்காப்புலாரிஸ் ஒன்று. அணிலையே நம்பி வாழும், மனிதரை அபூர்வமாகவே கடிக்கும் இக்சோடெஸ் மார்க்ஸி இன்னொன்று. நிம்ஃபில் இவ்விரண்டையும் பிரிப்பது நுண்ணோக்கி வேலை. மகளின் கவுன்ட்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் (அங்குள்ள மாவட்ட வேளாண் ஆலோசனை மையம்) விசாரியுங்கள். அதுவரை ஸ்காப்புலாரிஸ் என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

வட்டமான உடல், நீண்ட வாய், தகட்டோரத்தில் கண் என்றால் லோன் ஸ்டார் உண்ணி, ஆம்ப்ளியோம்மா அமெரிக்கானம். முதுகில் வெள்ளைப் பொட்டு வளர்ந்த பெண்ணுக்கு மட்டுமே. பொட்டில்லை என்பதால் இது அதுவல்ல என்று முடிவுகட்டாதீர்கள். இது கடித்த சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஒவ்வாமை வருகிறது. முக்கோண வாய் கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்: கிழக்காசியாவைச் சேர்ந்த ஹீமாபைசாலிஸ் லாங்கிகார்னிஸ் 2017-ல் நியூ ஜெர்ஸியின் ஹன்டர்டன் கவுன்ட்டியில் ஒரு செம்மறியாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண் இல்லாமலே பெருகக்கூடியது.

லைம் நோய்க்குப் பெயர் தந்தது கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊர். 1975-ல் அங்கே குழந்தைகளுக்குக் கூட்டமாக மூட்டுவலி வந்ததிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. கிருமியின் முக்கியச் சேமிப்பிடம் வெள்ளைக்கால் எலி. அணிலுக்கு அதில் சிறு பங்குதான். கிருமி மனித உடம்புக்குள் போக உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். எனவே தினமும் இரவு உடம்பைச் சோதிப்பதே பெரிய காப்பு. 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்த இக்சோடெஸ் என்று தெரிந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஒரே வேளை டாக்சிசைக்ளின் தருவது உண்டு. எடுத்த உண்ணியையும் கையோடு கொண்டுபோங்கள். எவ்வளவு ஊதியிருக்கிறது என்பதைப் பார்த்து எத்தனை நேரம் ஒட்டியிருந்தது என்று கணிப்பார்கள்.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. இது சரியா?
– வாசகி, தென்காசி

நசுக்கினால் உள்ளே இருக்கும் ரத்தமும் கிருமியும் நகக்கண்ணில் உள்ள வெடிப்பு வழியாகப் போகலாம். தண்ணீரில் அது சீக்கிரம் சாகாது; மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்தும் பிழைக்கும். ஆல்கஹால் குப்பி இல்லாவிட்டால் செல்லோடேப்பின் பசைப்பக்கத்தில் ஒட்டி, அதையே மடித்து மூடுங்கள். லார்வாக்கள் கூட்டமாகத் துணியில் ஏறிவிட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது; அதற்கும் அகலமான டேப்பால் ஒற்றி எடுப்பதே வேகம். பிறகு துணியைத் துவைக்கும் முன் இஸ்திரி போடுங்கள், தையல் மடிப்புகளில் அழுத்தி. உலர்ந்த சூட்டில் உண்ணி தாங்காது. சோப்பு நீரில் முக்கியெடுத்த துணியிலிருந்து உயிரோடு இறங்கிவரும்.